ஒற்றை என்ஜினுக்கு இரட்டைக் குழலா?



இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, வண்டி ஏன் மைலேஜ் தருவதில்லை, எந்த டயர் வாங்கலாம், பழைய ஸ்கூட்டரை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்பன போன்றவையே. இம்முறை சேலையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் அவ்வரிசையில் சேராதது. பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார். அதன் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

"எனக்கு ஒரே மகன். வாப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை. ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டாண்டுகள் சேமித்து, வட்டிக்குக் கடன் வாங்காமல், மூன்றாண்டுகள் ஓடிய 350 சி.சி. புல்லட் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினான். எனக்கும் மகிழ்ச்சிதான். இப்போது அதில் இடப்பக்கமும் ஒரு சைலன்ஸர் மாட்டி, இரண்டு பக்கமும் சத்தம் வரும்படி செய்யப் போகிறானாம். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் செலவாகும். எங்கள் சந்து குறுகலானது. அடுத்த வீட்டில் பிள்ளை பெற்று இருபது நாள் ஆன பெண் இருக்கிறாள். என் மாமியார் இதய நோயாளி. வேண்டாம் என்றேன். 'உங்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் உம்மா' என்றான். இரண்டு நாட்களாகக் காலையில் வீட்டில் சாப்பிடாமல் போகிறான். இரண்டாவது குழல் போட்டால் வண்டிக்கு உண்மையிலேயே வலிமை கூடுமா? போலீஸ் பிடிக்குமா? இதுவும் கூடாதென்றால், அவன் மனம் நோகாமல் நான் எதற்குச் சரி என்று சொல்லலாம்?"

மூன்றாவது கேள்வியை வாசித்தபோது இச்சகோதரியின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது. பிள்ளையிடம் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க அவர் விரும்பவில்லை. எனவே விடையும் விரிவாகவே இருக்க வேண்டும். அந்தத் தம்பியும் இதனைப் படிப்பார் என்றே எண்ணி எழுதுகிறேன். உம்மாவுக்கு வண்டியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். தம்பிக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் பார்த்துவிடுவோம்.

சைலன்ஸர் என்பது புகை வெளியேறும் வெறும் குழாய் அன்று. புல்லட்டைப் போன்ற நான்கு வீச்சு என்ஜினில் அச்சுத்தண்டு இருமுறை சுழல்வதற்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்திற்கு 2400 சுற்று ஓடும்போது, நிமிடத்திற்கு 1200 வெடிப்புகள். அதாவது நொடிக்கு இருபது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் வெளியேற்று வால்வு திறக்கும்போது, பல நூறு டிகிரி வெப்பமும் வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தமும் உடைய வாயு சட்டென வெளியே பாய்கிறது. ஊதிய பலூனை ஊசியால் குத்தியது போன்ற அந்த அதிர்ச்சிதான் நாம் கேட்கும் சத்தம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இதனை அடக்கும் கருவி ஒன்றுக்கு 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழலை உருவாக்கிய ஹிராம் பெர்சி மாக்ஸிம் என்பவரும் பின்னர் அதே தத்துவத்தை என்ஜின்களுக்குப் பயன்படுத்தினார். துப்பாக்கிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதில் உறவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

சைலன்ஸரை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு விதமான வேலைப்பாடுகளைக் காணலாம். ஒன்று, தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள். வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சுற்றிச் செல்லும்போது ஒலியலைகள் சுவரில் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கிக் கொள்கின்றன. கனத்த, தாழ்ந்த ஓசைகளைக் குறைப்பதில் இம்முறை வல்லது. மற்றொன்று, துளைகளிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரையோ எஃகு நாரையோ அடைத்து வைப்பது. கூர்மையான, காதைத் துளைக்கும் ஓசைகளை அந்த நார் உறிஞ்சிக் கொள்கிறது. தொழிற்சாலைச் சைலன்ஸர்கள் பெரும்பாலும் முதல் வகை, அல்லது இரண்டும் கலந்தவை. கடைகளில் கோல்ட் ஸ்டார், மெகாபோன், பஞ்சாப், இந்தூரி என்றெல்லாம் பெயரிட்டு விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் வகை. நாரும் ஓராண்டில் எரிந்து பறந்துவிடும். அதன்பின் எஞ்சுவது வெறும் குழாய்தான்.

இனி, இரட்டைக் குழலுக்கு வருவோம். இரண்டு குழல் என்பது வெறும் அலங்காரம் என்று நான் சொல்லப் போவதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு.

நம்மில் வயது முதிர்ந்தவர்களுக்கு யெஸ்டியை நினைவிருக்கும். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996 வரை இயங்கியது. அங்கிருந்து வந்த 250 சி.சி. வண்டிகளுக்கு ஒரே சிலிண்டர்தான். ஆனால் இருபுறமும் இரண்டு சைலன்ஸர்கள். அந்த ஒரே சிலிண்டரிலேயே வாயு வெளியேற இரண்டு வாய்கள் வார்க்கப்பட்டிருந்தன. இரு வீச்சு என்ஜினில் வால்வு கிடையாது. பிஸ்டனே வாயைத் திறந்து மூடுகிறது. எனவே வாயின் அகலமும் குழலின் நீளமும் சைலன்ஸரின் வயிறும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் புதிய கலவை வீணாகாமல் உள்ளே தங்கும். ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் 1983இல் கொண்டுவந்த ராஜ்தூத் 350 வண்டிக்கு இரண்டு சிலிண்டர்கள். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு குழல்கள். நமது சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2018 நவம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு விட்ட இண்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650 ஆகியவையும் அவ்வாறே இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்ஸர் கொண்டவை. அதே மாதம் புதிய நிறுவனத்தின்கீழ் மீண்டும் வந்த ஜாவா, பழைய தோற்றத்தைக் காக்கும்பொருட்டு ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு குழல் வைத்தது. அதுவும் தொழிற்சாலையில் வரைபடத்தோடு பிறந்த இரட்டைக் குழலே தவிர, பட்டறையில் ஒட்டியது அன்று.

கார்களிலும் இவ்வாறே. ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் கொண்டு வி வடிவில் இரு வரிசையாக அமைந்த என்ஜின்களில், வரிசைக்கு ஒரு குழல் புறப்பட்டுக் காரின் பின்புறம் வரை தனித்தனியே செல்லும். நடுவில் இரண்டையும் ஒரு குறுக்குக் குழல் இணைக்கும். ஒரு வரிசையின் அழுத்த அலை மறு வரிசையின் வாயுவை இழுத்துவிட அது உதவும். ஓசையும் சீராகும். நம் தெருக்களில் ஓடும் நான்கு சிலிண்டர்க் கார்களில் பின்னால் இரண்டு குழல் தெரிந்தால், குனிந்து பாருங்கள். ஒரே குழாய் வந்து, ஒரே சைலன்ஸருக்குள் புகுந்து, கடைசி ஓரடியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். சில கார்களில் பம்பரில் பதித்த குழல்வாய்க்குப் பின்னால் எதுவுமே இருக்காது! வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர் இதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஒரு காரை எடுத்துவிட்டு, பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்த பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசிக் கொள்ளவில்லை.

நம் தம்பியின் புல்லட்டுக்கு ஒரு சிலிண்டர்; அதில் வாயு வெளியேற ஒரே ஒரு வாய். எனவே இரண்டாவது சைலன்ஸரை மாட்ட வேண்டுமாயின் வளைகுழலை அறுத்து, கவட்டை போன்ற இணைப்பை வெல்டிங் செய்து, ஒரு கிளையை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பட்டறைக்காரர் சாதாரணமாக என்ன செய்கிறார்? முதற்குழல் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் இரண்டாவதையும் மாட்டுகிறார். இதில்தான் கணக்கு பிழைக்கிறது.

வாயு செல்லும் வழியின் பரப்பு இரண்டு மடங்காகிறது. வெளியேறும் வாயுவோ அதே அளவுதான். எனவே ஒவ்வொரு குழலிலும் வாயுவின் வேகம் பாதியாகக் குறைகிறது. வேகம் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். விரைந்து ஓடும் வாயு தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த இழுப்புத்தான் சிலிண்டரில் மிஞ்சிய எரிந்த வாயுவைத் துடைத்தெடுத்து, புதிய கலவை நிறைய இடம் தருகிறது. வேகம் போனால் இழுப்பும் போகிறது. மெதுவாகச் செல்லும்போது என்ஜின் திணறும். புல்லட்டின் சிறப்பே குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவைதான். நான் கேட்கிறேன்: கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் வரை மாலை நேரத்தில் எத்தனை முறை மூன்றாவது கியருக்குமேல் போக முடிகிறது? எந்தச் சுற்றில் வண்டி நாள்தோறும் ஓடுகிறதோ, அந்தச் சுற்றிலேயே வலிமையைக் குறைத்துக் கொள்வதற்கு ஒரு மாதச் சம்பளமா?

பரப்பு மாறாமல் இரண்டாகப் பிரிக்க வேண்டுமாயின் ஒவ்வொரு குழலின் விட்டமும் பழைய விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காக இருத்தல் வேண்டும். 40 மில்லிமீட்டர்க் குழலுக்குப் பதில் 28 மில்லிமீட்டரில் இரண்டு. அவ்வாறு செய்தாலும் ஆதாயம் ஏதுமில்லை. குழலின் உட்சுவர் கூடுவதால் உராய்வும் கூடுகிறது; எடையோ சில கிலோ ஏறுகிறது. 'சைலன்ஸரில் சற்று எதிரழுத்தம் இருந்தால்தான் வண்டி இழுக்கும்' என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. எதிரழுத்தம் எந்த என்ஜினுக்கும் நன்மை செய்வதில்லை. நன்மை செய்வது வாயுவின் வேகம். குறுகிய குழலில் இரண்டும் சேர்ந்தே வருவதால் மக்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதை அந்தத் தம்பி யோசித்துப் பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். இடப்பக்கம் யார் உட்காருகிறார்கள்? நம் நாட்டில் பெண்கள் பின்னிருக்கையில் ஒருபக்கமாக, இடப்பக்கம் கால்களைத் தொங்கவிட்டே பெரும்பாலும் அமர்கிறார்கள். அதனால்தான் இடப்பக்கத்தில் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கக் கம்பித் தடுப்பும், கால் வைக்கத் தனி மிதியும் இருக்கின்றன. பின்சக்கரத்தைப் பாதியளவேனும் மறைக்கும் அந்தத் தடுப்பை மோட்டார் வாகன விதிகளே கட்டாயமாக்கியிருக்கின்றன. இரண்டாவது சைலன்ஸர் வந்தால் பட்டறைக்காரர் முதலில் கழற்றிக் கீழே போடுவது அவ்விரண்டையும்தான். பிறகு உம்மாவின் கால் எங்கே போகும்? ஓடும் சைலன்ஸரின் மேற்பரப்பு தோலை நொடியில் பொசுக்கக்கூடிய வெப்பத்தில் இருக்கும். இன்றைய புர்காக்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. சூடான உலோகத்தில் பட்டால் அது பருத்தியைப்போல் கருகுவதில்லை. உருகி ஒட்டிக் கொள்கிறது. உருகிய துணி தோலில் படிந்தால் அந்தப் புண் ஆற நெடுநாள் ஆகும்.

தொழிற்சாலையில் இரட்டைக் குழல் வண்டியை வரையும்போது மிதி எங்கே, குழல் எங்கே, வெப்பத் தடுப்புத் தகடு எங்கே என்று சேர்த்தே கணக்கிடுகிறார்கள். பட்டறையில் அந்தக் கணக்கு இல்லை. உம்மாவை அமர்த்தி அழைத்துச் செல்ல முடியாத வண்டியாக அது மாறிவிடும் என்பதைத் தம்பி அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது புகை பற்றியது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. மூன்றாண்டுகள் ஓடிய வண்டி என்பதால் தம்பியின் புல்லட்டும் அவ்விதிக்குட்பட்டதே. இவ்வண்டிகளின் வெளியேற்றுக் குழலில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது. எரிந்த வாயுவில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அது அளந்து சொல்ல, அதற்கேற்பக் கணினி எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. அதனோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உண்டு. தேன்கூடு போன்ற அமைப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களை மெல்லப் பூசியது அது. நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை அது கரியமில வாயுவாக மாற்றுகிறது. சில வண்டிகளில் அது வளைகுழலில் இருக்கும். சிலவற்றில் சைலன்ஸருக்குள்ளேயே இருக்கும். குழலை அறுக்கும்போது சென்சாரின் அருகே சிறு கசிவு ஏற்பட்டாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கணினிக்குத் தவறான செய்தி செல்லும். எச்சரிக்கை விளக்கு எரியும், பெட்ரோல் வீணாகும். கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டால் வண்டி விடும் நச்சு முழுவதும் அந்தக் குறுகிய சந்தில், பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டின் சன்னலருகே தங்கும். அறுத்தெடுத்த கன்வெர்ட்டரைச் சிலர் 'பழைய இரும்பு' என்று சொல்லித் தாமே வைத்துக் கொள்வார்கள். அதிலுள்ள உலோகத்தின் விலை அவர்களுக்குத் தெரியும்.

போலீஸ் பிடிக்குமா என்பது சகோதரியின் இரண்டாம் கேள்வி. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை உறுதிசெய்தது. 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 120ஆம் விதி, ஒலியை இயன்றவரை குறைக்கும் சைலன்ஸர் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒலி, புகை வரம்பு மீறிய வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தகுதியிழக்கும். ஓரகடத்துக்கு வண்டியில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு உரிமம் மூன்று மாதம் இல்லையென்றால் என்னவாகும் என்பதைத் தம்பியே கணக்கிடட்டும். பல ஊர்களில் காவல்துறையினர் கைப்பற்றிய சைலன்ஸர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிய காட்சிகள் செய்திகளில் வந்தவைதாம்.

இந்திய விதிப்படி, ஓடும் இருசக்கர வண்டியின் ஒலி, 7.5 மீட்டர் தொலைவில் அளக்கும்போது, என்ஜினின் அளவுக்கேற்ப 75 முதல் 80 டெசிபலுக்குள் அடங்க வேண்டும். உட்சல்லடை நீக்கிய சைலன்ஸரின் அருகில் நின்றால் 100 டெசிபலை எளிதில் எட்டும். 80க்கும் 100க்கும் இடையே கால்பங்குதானே வேறுபாடு என்று நினைத்துவிடக் கூடாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றுகிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளிக்கூடங்களைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு இரவில் 40தான். தாம்பரம் சானடோரியம் என்ற பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1928இல் காசநோயாளிகளுக்கென அங்கு மருத்துவமனை தொடங்கப்பட்டதே, நகரத்தின் புகையும் இரைச்சலும் எட்டாத இடம் என்பதற்காகத்தான். இன்று அதன் வாசலில் ஜி.எஸ்.டி. சாலை ஓடுகிறது.

சட்டத்தைச் சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயமாகாது. இளமையில் நானும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரிலிருந்து உட்குழலை உருவி எறிந்தேன். பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம் அது. அதிகாலையில் புறப்படுவேன். அந்த முழக்கம் எனக்குத் தேனாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின், பஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அண்டை வீட்டுப் பெரியவர் அருகில் வந்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "தம்பி, நீங்க தினமும் எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பீங்கன்னு சொன்னா, அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில வெச்சுக்குவோம். தொட்டில்ல கிடக்கும்போது சத்தம் கேட்டா வீல்னு அலறுது." அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனேன். எறிந்த உட்குழல் கிடைக்கவில்லை. புதுப்பேட்டைக்குச் சென்று பழைய சைலன்ஸர் ஒன்று தேடி வாங்கி மாட்டிய பிறகே எனக்கு நிம்மதி வந்தது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் ஜும்ஆவில் கேட்காததா!

சரி, இனி சகோதரியின் மூன்றாம் கேள்வி. எதற்குச் சரி என்று சொல்லலாம்?

வண்டியைச் செய்த நிறுவனமே, குறிப்பிட்ட அந்த மாடலுக்கென ஒலியும் புகையும் சோதித்து ஏற்ற வேறு வடிவச் சைலன்ஸரைத் தன் துணைக்கருவிப் பட்டியலில் வைத்திருந்தால், அதனைத் தாராளமாக மாட்டலாம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் 'இதுவும் கம்பெனி ஐட்டம்தான்' என்று சொல்வது சான்றாகாது. பெட்டியின்மேல் நிறுவனத்தின் உதிரிப்பாக எண்ணும், இந்திய விதிக்கேற்பச் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். 'டிபி கில்லர்' என்னும் கழற்றி மாட்டக்கூடிய சிறு அடைப்பு உள்ளவற்றை வாங்க வேண்டாம். போலீஸைக் கண்டால் மாட்டவும், கடந்ததும் கழற்றவும் செய்யப்பட்டவை அவை.

உலோகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லலாம். 304 தரத் துருப்பிடிக்கா எஃகில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 409 தரத்தில் ஒட்டும். ஆனால் அதுவும் நல்ல உலோகமே, தொழிற்சாலைகளே பயன்படுத்துகின்றன. குரோம் முலாம் பூசிய சாதாரண இரும்பிலும் ஒட்டும். '304' என்று சொல்லி விலை கூட்டும் கடையில் காந்தம் ஒட்டினால், பேசாமல் திரும்பிவிடலாம்.

துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்தே அதிகம் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அது ஆவியாக வெளியேறிவிடும். சைலன்ஸர் நன்கு சூடாகாவிட்டால் உள்ளேயே நீராகத் தங்கி அரிக்கும். பக்கத்துக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளில் சைலன்ஸர் விரைவில் ஓட்டையாவது இதனால்தான். இரட்டைக் குழலில் வாயு இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொன்றும் மெதுவாகவே சூடாகிறது. எனவே இரண்டுமே சீக்கிரம் அரிக்கும். சைலன்ஸரின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று எண்ணி எம்சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள்; பலர் அடைக்கிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் நம் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதிகள் தப்பவில்லை. சைலன்ஸருக்குமேல் நீர் ஏறி நின்ற வண்டியை நீர் வடிந்ததும் உதைத்துப் பார்க்கவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் அது புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். சைலன்ஸரைக் கழற்றி நீரைக் கொட்டி, ஸ்பார்க் பிளக்கை எடுத்து, ஆயிலைப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் முழுவதும் மாற்றியாக வேண்டும். நார் அடைத்த சைலன்ஸர் ஒருமுறை மூழ்கினால் அந்த நார் நெடுநாள் உலராது. உள்ளிருந்தே தின்றுவிடும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்தளத்தின்கீழ்ச் சைலன்ஸர் குழல் இற்றுக் கசிந்தால், 'சத்தம் சற்று கூடியிருக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கும்போது அது உள்ளே வந்தால் உறக்கத்திற்கும் மயக்கத்திற்கும் வேறுபாடு தெரியாது. என்ஜினை ஓடவிட்டு நிறுத்திய காரில் உறங்குவதையும், மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். கசிவைக் கண்டறிவது எளிது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, தடித்த துணியைச் சுருட்டிக் குழல்வாயைச் சில நொடிகள் அடைத்தால், கசியும் இடத்திலிருந்து 'உஸ்' என்ற ஓசை கேட்கும். கேட்காமல் என்ஜின் திணறி நின்றால் குழல் நலமாக இருக்கிறது என்று பொருள்.

சேலையூர்ச் சகோதரிக்கு: தம்பி மிச்சம் பிடிக்கும் அந்த ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பின்டயர், பின்னால் அமரும் தங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒரு ஹெல்மெட், இன்னும் விருப்பமிருந்தால் நிறுவனத்தின் வேறு வடிவச் சைலன்ஸர் ஒன்று, இவற்றை வாங்கச் சம்மதியுங்கள். வண்டியின் தோற்றமே அவருக்கு வேண்டுமென்றால் இருக்கை, கண்ணாடி, கைப்பிடி உறைகளில் எவ்வளவோ செய்யலாம். இரட்டைக் குழல்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், இன்னும் சில ஆண்டுகள் சேமித்து, இரட்டைக் குழலோடு பிறந்த வண்டியையே வாங்கட்டும். இன்ஷா அல்லாஹ், அதற்கு நானே உடன் சென்று பார்த்துத் தருகிறேன் என்றும் சொல்லுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், சைலன்ஸரில் படிந்த கறையைக் கழிப்பறை கழுவும் திரவத்தால் துடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். அதிலுள்ள அமிலம் குரோம் முலாமைத் தின்றுவிடும். வண்டி நன்கு ஆறிய பிறகு சோப்பு நீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, சற்று மெழுகு தடவினாலே போதுமானது. வளைகுழல் சிலிண்டரை ஒட்டிய இடத்தில் நீலம் பூத்திருப்பது கறையன்று, வெப்பத்தின் அடையாளம். அது திடீரென்று மிகுந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டவும்.